கொலைகாரர் சாப்பிட்டாரா?

பிப்ரவரி 9

வாத்தியாரம்மாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது தப்புதான். ஆனால் சொல்லிக்கொள்ள நின்றிருந்தால் நீ மறுபடியும் சிரித்திருப்பாய்.

இத்தனை வருஷமாக நான் என்ன வேடம் போட்டேன்? சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தேன். பழத்தோலில் வழுக்கி விழுந்தேன். ஒன்றுமே இல்லாத தரையிலும் வழுக்கி விழுந்தேன். தெருவில் போனால் பிள்ளைகள் என் பெயரைச் சொல்வதில்லை, “டேய், வழுக்கலு போறாருடா” என்கிறார்கள். முதல்முறையாக ஒரு இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, தொலைக்காட்சித் தொடரில் கொலைகாரனாக நடிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். அதை ஓடிவந்து உன்னிடம் சொன்னால், உன் தம்பி, உன் அம்மா, நம் மகள் எல்லோர் முன்னாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஒரு வழியாகச் சிரித்து முடித்து, என் முகத்தைப் பார்த்ததும் மறுபடி ஆரம்பித்தாய்.

போகட்டும். இங்கே கைப்பேசிகளை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். கதை வெளியே கசியக் கூடாதாம். மூடிக்கிடக்கும் சிமென்ட் ஆலை ஒன்றில் படப்பிடிப்பு. எதைத் தொட்டாலும் சாம்பல் தூசி. ஏற்கெனவே இடிந்திருந்த சுவர்களை நம் ஆட்கள் இன்னும் கொஞ்சம் அழகாக இடித்திருக்கிறார்கள். கதைப்படி மழை நின்று, பயிர் செத்து, உலகமே காலியாகிவிட்டது. மிச்சமிருக்கும் சிலர் இந்த ஆலைக்குள் ஒதுங்கியிருக்கிறார்கள். நான் அதில் ஒரு தையல்காரன். பரம சாது. பசி வந்ததும் முதல் பகுதியில் பொய் சொல்கிறேன், மூன்றாவதில் தங்கையின் பங்கைத் திருடுகிறேன், ஆறாவதில் பக்கத்து வீட்டுக்காரனை இரும்புக் குழாயால் அடித்துக் கொன்று அவனுடைய மாவு மூட்டையை எடுத்துக்கொள்கிறேன். இதைப் படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடு.

இங்கே வரும் தண்ணீர் லாரியின் ஓட்டுநர் நம் தெருவுக்குப் பின்னால்தான் குடியிருக்கிறார். பதில் எழுதினால் அவரிடம் கொடு. எழுதாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இனிமேல் யாருக்கும் சிரிப்புக் காட்டப் போகாத,
உன் வீட்டுக்காரன்

பிப்ரவரி 13

கொலைகாரருக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “மாப்பிள்ளைக்கு மாவு வேணும்னா நாம அனுப்பி வைக்கலாமே, எதுக்கு இப்படியெல்லாம் பண்றாரு” என்றாள். தம்பி உங்கள் கட்சி. மாமாவின் திறமை உனக்குத் தெரியாது என்று இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. ஆனால் சாப்பிட மட்டும் வந்துவிடுகிறான்.

சிரித்தேன். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். குளியலறையில் ஒரு கரப்பான்பூச்சி வந்தால், டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் அட்டையைச் செருகி, மூன்று மாடி இறங்கிப் போய் செடியடியில் விட்டுவிட்டு வருகிற ஆள் நீங்கள். நீங்கள் மாடி ஏறுவதற்குள் அது உங்களுக்கு முன்னால் திரும்பி வந்துவிடுகிறது. அந்தக் கையில் இரும்புக் குழாயை வைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இதற்கு நான் என்ன செய்ய?

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் அறைந்து சாத்திவிட்டுப் போன வாசல் கதவு மட்டும் நலமில்லை. இடித்துத் தள்ளினால்தான் மூடுகிறது. என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் புதிதாக ஒரு பல் டாக்டர் சேர்ந்திருக்கிறார். இடது பக்கம் திரும்பச் சொன்னால் கண்ணாடித் துடைப்பானைப் போடுகிறார். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். என் உயிர் என் காலடி பிரேக்கில் இருக்கிறது. மகள் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறாள், அதில்தான் குழி சரியாக இருக்கிறதாம்.

அத்தனை எழுதினீர்கள், சாப்பிட்டீர்களா என்று ஒரு வரி இல்லை. கொலைகாரர் சாப்பிட்டாரா?

கதவைத் தள்ளித் தள்ளித் தோள் வலிக்கும்,
வாத்தியாரம்மா

பிப்ரவரி 20

வாத்தியாரம்மாவுக்கு,

சாப்பிடவில்லை. அதுதான் இங்கே சட்டம்.

பசித்தவனாக நடிக்கக் கூடாது, பசித்தவனாக இருக்க வேண்டும் என்பது இயக்குநரின் கொள்கை. காலையில் ஒரு அவித்த உருளைக்கிழங்கு, சாயங்காலம் பெயருக்கு ஒரு சூப். கன்னம் ஒட்டிவிட்டது. கால்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு திரிகிறேன். பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. “பசி வந்தா பத்தும் பறந்துடும். நாலு நாள் பட்டினி போட்டா எந்த மனுஷனுக்குள்ளயும் ஒரு மிருகம் எழுந்து நிக்கும்” என்கிறார் அவர். இதைச் சொல்லிவிட்டுத் தன் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். கொஞ்ச நேரத்தில் வறுத்த கோழி வாசனை வருகிறது.

ஆனால் எனக்குள் ஒன்றும் எழுந்து நிற்கவில்லை. அதுதான் கவலை. நேற்று ஒத்திகை. பக்கத்து வீட்டுக்காரனாக நடிப்பவரை எல்லோரும் ஒல்லி அண்ணன் என்று கூப்பிடுகிறோம். மூங்கில் மாதிரி இருப்பார், பயில்வான் மாதிரி சாப்பிடுவார், உடம்பில் ஒட்டவே ஒட்டாது. அதனால் அவருக்கு மட்டும் பட்டினி கிடையாது. அவர் கையிலிருந்து மூட்டையை நான் பிடுங்க வேண்டும். பிடுங்கினேன். அவர் தடுமாறினார். உடனே நான், “ஐயோ, பட்டுடுச்சாண்ணே?” என்று அவருடைய முழங்கையைத் தடவிக் கொடுத்துவிட்டேன்.

பசிக்கப் பசிக்க எனக்கு எல்லோர் மேலும் பாசம் வருகிறது. ஆலைக்குள் சுற்றும் நாயைப் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். விளக்குப் பிடிக்கும் பையன்களிடம் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிக்கிறேன். முந்தாநாள் இயக்குநரிடமே, வெயிலில் நிற்காதீர்கள் சார் என்று தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

இன்னும் நாள் இருக்கிறது. மிருகம் வரும்.

எலும்பும் தோலுமாக,
உன் வீட்டுக்காரன்

பிப்ரவரி 24

அன்புள்ள மிருகத்துக்கு,

உங்கள் இயக்குநரை ஒரு வாரம் என் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். மிருகம் எப்போது வரும் என்று நான் காட்டுகிறேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வெறும் வயிற்றோடு வருகிறவன் ஒலிப்பானை அடிப்பான், முணுமுணுப்பான், ஆனால் வழி விட்டுவிட்டுப் போய்விடுவான். அவனுக்கு வீடு போய்ச் சேர வேண்டும். மத்தியானம் விருந்து முடித்து, பல்லில் குச்சியோடு பெரிய வண்டியில் வருகிறான் பாருங்கள், அவன்தான் நடுரோட்டில் இறங்கிச் சட்டையைப் பிடிப்பான். இத்தனை வருஷத்தில் என் மாணவர்களை அடிக்கக் கை ஓங்கினவர்களில் ஒருவன்கூடப் பட்டினி கிடந்தவன் இல்லை.

பசி பொல்லாததுதான். அதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே இல்லாதவன் என்ன செய்வான், என்ன செய்ய மாட்டான் என்று நமக்கென்ன தெரியும்? ஆனால் உங்கள் கதையில் ஆட்கள் முதல் பகுதியில் பொய், மூன்றாவதில் திருட்டு, ஆறாவதில் கொலை என்று படிப்படியாக, வரிசை தப்பாமல் கெட்டுப் போகிறார்கள். இவ்வளவு ஒழுங்காகக் கெட்டுப்போகத் தெம்பு வேண்டாமா? இதை எழுதினவர் சாப்பிட்டுவிட்டு எழுதியிருக்கிறார்.

வேலையை நீங்கள் செய்யுங்கள், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் அந்த உருளைக்கிழங்கைத் தோலோடு சாப்பிடுங்கள். மகள் உங்கள் புகைப்படத்தை மேசைமேல் வைத்திருக்கிறாள், பழைய கன்னத்தோடு.

கவலை இல்லாதது போல் எழுதும்,
வாத்தியாரம்மா

மார்ச் 2

உனக்கு,

இன்று எல்லாம் முடிந்துவிட்டது.

காலையிலிருந்து கொலைக் காட்சி. குழாயை ஓங்குகிறேன், கை பாதியில் நின்றுவிடுகிறது. ஒல்லி அண்ணன் கீழே விழுந்து விழுந்து எழுந்தார், அவர் முதுகெல்லாம் சிமென்ட். “என்னைப் பாக்காத தம்பி, சுவத்தப் பாத்து அடி” என்றார். சுவரைப் பார்த்தேன். சுவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. கடைசியாக ஒருமுறை ஓங்கியபோது கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. யூனிட்டில் யாரோ சிரித்தார்கள்.

இயக்குநர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பாராம். சரிவரவில்லை என்றால் வேறொரு நடிகர் வருகிறார். அவருக்கு உடை அளவெடுக்க ஆள் போயாகிவிட்டது. என்னையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டாராம். கதையில் ஒரு சமையல்காரன் பாத்திரம் சேர்க்கலாம் என்றார். அவனுக்கு என்ன வேலை தெரியுமா? கொட்டிக்கிடக்கும் மாவில் வழுக்கி விழ வேண்டும். ஜனங்களுக்கு நடுநடுவே கொஞ்சம் சிரிப்பும் வேண்டும் அல்லவா என்றார்.

நீ சிரித்தது சரிதான். உனக்கு என்னைத் தெரியும். எனக்குத்தான் என்னைத் தெரியவில்லை.

மார்ச் 4

என்னங்க,

லாரிக்காரர் வந்திருக்கிறார். அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். கையெழுத்து ஒரு மாதிரியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்துவிட்டு நான் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நான் சிரித்தது உங்களால் முடியாது என்று நினைத்து இல்லை. என் வீட்டுக்குள் இப்படி ஒரு சாது இருக்கிறாரே என்ற கொழுப்பில் சிரித்தேன். அது உங்களுக்கு எங்கே போய்க் குத்தும் என்று யோசிக்காமல் சிரித்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன், சாட்சிக்கு ஆள் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வாருங்கள். உங்களுக்குக் கோபம் வராது என்று யார் சொன்னது? தம்பி கல்யாணத்தில் பந்தி முடிந்து கை கழுவினதும், ஒரு நாற்காலிக்காகப் புகைப்படக்காரரை மண்டபத்து வாசல்வரை துரத்தினீர்கள். மகளின் பிறந்தநாள் விருந்து முடிந்த கையோடு, வண்டி நிறுத்துகிற இடத்துக்காகக் கீழ்வீட்டுக்காரரின் சட்டைப் பொத்தான் தெறித்தது. என்னோடு சண்டை போட்ட அன்று நீங்கள் இயக்குநர் போட்ட சாப்பாட்டை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் சேதியைச் சொன்னீர்கள். கதவைக் கேளுங்கள், சாட்சி சொல்லும். வெறும் வயிற்றில் நீங்கள் யாரையாவது ஒரு சொல் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். உங்களுக்கு மட்டும் உண்ட திமிர்.

அவர்கள் உங்கள் மிருகத்தைத் தப்பான பக்கத்திலிருந்து கிளப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

லாரியின் கருவிப் பெட்டிக்குள் ஒரு பொட்டலம் வருகிறது. ஒரு டஜன் முட்டை அவித்தது, ரொட்டி, வெண்ணெய், வறுத்த உருளைக்கிழங்கு. வெள்ளிக்கிழமை யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிடுங்கள். உடனே போகாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இடுப்புக் கயிறு இறுக்கும், யார் பேசினாலும் எரிச்சலாக வரும். அப்போது போய்க் குழாயை எடுங்கள்.

உங்களை உங்களைவிட அதிகமாகத் தெரிந்த,
உங்கள் மனைவி

மார்ச் 9

என் தங்கமே,

கொன்றுவிட்டேன்.

பழைய சூளைக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். முதல் முட்டை உள்ளே போவதற்குள் ஒல்லி அண்ணன் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் ஒரு கேள்வி கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவ ஆரம்பித்தார். நான் மனம் நிறைந்துதான் கொடுத்தேன், அது வேறு. சாப்பிடச் சாப்பிட நீ சொன்னது ஒவ்வொன்றாக நடந்தது. கயிறு இறுக்கியது. ஈ உட்கார்ந்தால் எரிச்சல். கடைசியில் ஒரே ஒரு முட்டை. என் கை அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அவர் கை எடுத்து, உப்புத் தொட்டு, வாயில் போட்டது. “பரவாயில்ல அண்ணே” என்றேன். வாய்தான் சொன்னது.

அந்தச் சூட்டோடு போய் நின்றேன். குழாயை ஓங்கியபோது ஒல்லி அண்ணன் நிஜமாகவே பின்வாங்கினார். ரப்பர் குழாய் என்று தெரிந்தும் அலறினார். ஒரே தடவைதான், எல்லாம் முடிந்தது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு என் காதோரம் வந்து, “நாளைக்கு ரெண்டா வாங்கித் தரேன் தம்பி, விட்டுடு” என்றார்.

இயக்குநர் எல்லோரையும் திரை முன்னால் கூட்டினார். என் கண்ணைக் காட்டினார், கழுத்து நரம்பைக் காட்டினார். “பாத்தீங்களா? இதுதான் பசி. இதைத்தான் நான் சொல்லிட்டே இருந்தேன்” என்றார். அந்த நேரம் பார்த்து எனக்கு ஏப்பம் வந்தது. இருமலாக மாற்றிவிட்டேன். பலவீனம் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

இதோடு முடியவில்லை. கொலைக்கு அடுத்து, அவன் மூட்டையைக் கிழித்துப் பச்சை மாவை அள்ளி அள்ளித் தின்று பைத்தியம்போல் சிரிக்க வேண்டும். உடனே எடுக்கலாம் என்றார் இயக்குநர். என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. வயிற்றில் திமிர் இருந்தது, செத்தவனுக்காக அந்தத் தையல்காரனுக்கு வர வேண்டிய இரக்கம் ஒரு துளி இல்லை. நாளை எடுக்கலாம் என்று கேட்டு வாங்கினேன். அப்புறம் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

மறுநாள் செத்துக்கிடக்கும் ஒல்லி அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சட்டையில் ஒரு பொத்தான் கழன்றிருந்தது. நான் தையல்காரன் அல்லவா, போட்டுவிட்டேன். மூட்டையைப் பிரித்து, ஒரு தகரத் தட்டில் மாவை இரண்டு குவியலாகப் பிரித்தேன். ஒன்றை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். அது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது, என் குவியலிலிருந்து கிள்ளி அதில் போட்டேன். பிறகு அவர் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

இது எதுவும் வசனத் தாளில் இல்லை. நான் யோசித்துச் செய்ததும் இல்லை. யாரும் ‘கட்’ சொல்லவில்லை. ஒல்லி அண்ணனின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. செத்தவன் அழக் கூடாது என்று மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அழுதார். கடைசியில் அவர் முகம் தெரியாத பக்கமாகக் கேமராவை வைத்தார்கள். இயக்குநர் தன் வேனைத் திறந்து என்னை உள்ளே உட்காரவைத்துக் கோழியைத் தட்டில் வைத்தார்.

வேறு நடிகர் வரவில்லை. என் பாத்திரம் தப்பித்துத் துறைமுகத்துக்கு ஓடுவதாகக் கதையை நீட்டியிருக்கிறார்கள். நேராக அங்கே போகிறோம், அதனால் ஒளிபரப்பாகும்போது நான் உன் பக்கத்தில் இருக்க முடியாது. கதவை நானே வந்து சரிசெய்கிறேன். எனக்கு நீ ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஆறாவது பகுதியைப் பார்த்துவிட்டு, சிரித்தாயா என்று மறைக்காமல் எழுது. ஊர் என்ன சொன்னால் எனக்கென்ன, நீ சிரித்தால் நான் வழுக்கி விழுந்தவன்தான்.

உன்னால் கொலைகாரன் ஆன,
உன் வீட்டுக்காரன்

ஜூன் 12

என் கொலைகாரருக்கு,

பார்த்தோம். அம்மா, தம்பி, அவன் மனைவி, மகள், கீழ்வீட்டுக்காரர் குடும்பம், பல் டாக்டர் எல்லோரும் நம் கூடத்தில். டாக்டர் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டார், தானே ஓட்டிக்கொண்டு வந்தார், கண்ணைத் திறந்துதான் ஓட்டினாராம்.

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஒட்டிய கன்னத்தோடு நீங்கள் குழாயை எடுத்தபோது கீழ்வீட்டுக்காரர் தன்னையறியாமல் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். “பட்டினி மனுஷனை எப்படி ஆக்கிடுது பாருங்க” என்று அவன் மனைவி கண் கலங்கினாள். அந்த வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அந்தக் கூடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தலையணையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். ஆமாம், அங்கே எனக்குச் சிரிப்பு வந்தது. அது உங்களைப் பார்த்து இல்லை, பட்டினி என்றதும் என் முட்டைகளின் ஞாபகம் வந்ததால்.

அப்புறம் நீங்கள் மாவைப் பிரித்தீர்கள்.

உங்கள் குவியலிலிருந்து கிள்ளி அடுத்ததில் போட்டீர்களே, அதைப் பார்த்ததும் தலையணை கீழே விழுந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு ரொட்டியை இரண்டாகப் பிய்த்தால், உங்கள் பாதியிலிருந்து கொஞ்சம் கிள்ளி என் பாதியோடு சேர்த்து வைப்பீர்கள். நீங்கள் செய்வது உங்களுக்கே தெரியாது. நான் ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் நிறுத்திவிடுவீர்களோ என்று. அந்தக் கையைத் திரையில் பார்த்ததும் நான் சத்தம் போட்டு அழுதேன். இத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற வெட்கமே இல்லாமல் அழுதேன். மகள் பயந்துபோய், “அம்மா, அது அப்பாதாம்மா, நடிப்புதான்” என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். அந்த இடம் நடிப்பு இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்? அம்மா மட்டும் நிதானமாக, “கொன்னது தப்புதான். ஆனா பங்கு வெச்சாரு பாரு, அதான் நம்ம மாப்பிள்ளை” என்றாள்.

துறைமுகத்தில் வேலை முடிந்துவிட்டது என்று தம்பி சொன்னான். உங்கள் இயக்குநர் பாராட்டு விருந்து வைக்கிறாராம், வழியெல்லாம் தெரிந்தவர்கள் கூப்பிடுவார்களாம். யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். எங்கேயும் எதையும் வாயில் வைக்காதீர்கள். எனக்கு மாவைப் பங்கு வைத்த அந்த மனுஷன் அப்படியே வேண்டும்.

பசியோடு வீட்டுக்கு வாருங்கள்.